மைட்டோகாண்ட்ரியா நோயுள்ள குழந்தைக்கு ஐந்து வயது முத்தடுப்பூசி: போடலாமா, போட்டால் பலிக்குமா?

வாய்க்கால்மேடு (கோபிசெட்டிபாளையம்), செவ்வாய் இரவு

எங்கள் மகளுக்கு இந்த மாதம் ஐந்து வயது நிறைந்திருக்கிறது. அவளுக்கு லீ நோய் (உயிரணுக்களுக்கு ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா பழுதாகி மூளையைப் பாதிக்கும் நோய்) இருப்பது இரண்டரை வயதில் உறுதியானது. சர்ஃப்-1 என்னும் மரபணுவின் இரண்டு படிகளும் பழுதானவை என்று பரிசோதனையில் வந்தது. என் கணவர் எனக்குச் சொந்த அத்தை மகன். ஆளுக்கொரு பழுதான படியைச் சுமந்துகொண்டு நாங்கள் நலமாகவே இருந்திருக்கிறோம் என்பதும், இரண்டும் அவளிடம் சேர்ந்துவிட்டன என்பதும் அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

பதினேழாவது மாதத்தில், ஒரு புதன்கிழமை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் முத்தடுப்பு (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி) ஊக்கத் தவணையும் தட்டம்மை–ரூபெல்லா இரண்டாம் தவணையும் போட்டோம். அன்று இரவே காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் வாந்தியும் மேல்மூச்சுமாக மயங்கிக் கிடந்தாள். பிடித்துக்கொண்டு நின்ற குழந்தை, உட்காரக்கூட முடியாமல் போய், மறுபடி நிற்க எட்டு மாதம் ஆனது. ஊசிதான் குழந்தையைக் கெடுத்தது என்று என் அம்மிச்சி இன்றுவரை சொல்கிறார். அவர் சொல்வது தவறு என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது ஐந்து வயதுத் தவணைக்குக் கிராம செவிலியர் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டார். போடலாமா? இதே நோயுள்ள குழந்தைகளை வளர்ப்பவர்களும் விவரம் அறிந்தவர்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் (அந்தியூர்), செவ்வாய் இரவு

அம்மணி, போடலாமா வேண்டாமா என்பதை உங்கள் மருத்துவர் சொல்லட்டும். முப்பது வருடம் ஊசி போட்டவள் என்ற முறையில் நான் ஒன்று மட்டும் கேட்கிறேன். காய்ச்சல் வந்த அந்த இரண்டு நாளும் குழந்தை என்ன சாப்பிட்டாள்?

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். முத்தடுப்பூசிக் காய்ச்சல் போட்ட அன்றோ மறுநாளோ வரும். தட்டம்மை ஊசியின் காய்ச்சல் அப்படியல்ல. அதில் இருப்பது வலுவிழந்த உயிருள்ள கிருமி, அது உடலில் பெருக நாள் எடுத்துக்கொள்ளும், ஆகவே ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பன்னிரண்டு நாளுக்குள்தான் வரும். உங்கள் மகளுக்கு அன்று இரவே வந்தது முத்தடுப்பூசியின் காய்ச்சலாகத்தான் இருக்கும்.

வாய்க்கால்மேடு (கோபிசெட்டிபாளையம்), புதன் காலை

அக்கா, இந்தக் கேள்வியை இத்தனை ஆண்டில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. காய்ச்சலில் சோறு போட்டால் ஜன்னி கண்டுவிடும், வயிற்றைக் காயப்போட்டால் தானே இறங்கிவிடும் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னார்கள். தாய்ப்பாலை அதற்கு ஒரு மாதம் முன்புதான் மறக்கடித்திருந்தோம். புதன் இரவிலிருந்து வெள்ளி காலை வரை கொஞ்சம் வெந்நீரும் இரண்டு சங்கு அரிசிக் கஞ்சித் தெளிவும்தான் உள்ளே போயின. மூன்றரை வயதில் சின்னம்மை போட்டபோதும் இப்படித்தான் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தாள். அப்போதும் கை நடுக்கம் கூடி, பேசிக்கொண்டிருந்த நான்கைந்து சொற்கள் போய்விட்டன. அந்த மாதத்தில் எந்த ஊசியும் போடவில்லை.

குழந்தை மருத்துவர் (கோவை), புதன் மதியம்

குழந்தையைப் பார்க்காமல் சிகிச்சை சொல்வது முறையல்ல. நோயின் தன்மையை மட்டும் விளக்குகிறேன்.

ஒரு குழந்தைக்கு நேர்ந்ததை வைத்து ஊசியா பட்டினியா என்று யாராலும் பிரித்துச் சொல்ல இயலாது. ஆனால் செவிலியர் அம்மா கேட்டது சரியான இடத்தில் கேட்ட கேள்வி. உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஆற்றல் உண்டாக்கும் தொடரில் ஐந்து கூட்டமைப்புகள் இருக்கின்றன. அவற்றில் நான்காவதைக் கோத்துக் கட்ட உதவும் புரதத்தை உருவாக்குவது சர்ஃப்-1. அதன் பழுது லீ நோய்க்குக் காரணமாவதை 1998இல் கண்டறிந்தார்கள். கட்டுமானம் குறைபட்டிருப்பதால் இந்தக் குழந்தைகளின் மூளைத்தண்டும் அடிமூளை நரம்பணுத் திரள்களும் எப்போதுமே விளிம்பில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. காய்ச்சல் வந்தால் உடலின் ஆற்றல் தேவை கூடுகிறது. சாப்பிடாவிட்டால் வரத்து குறைகிறது. கூடிய தேவையும் குறைந்த வரத்தும் ஒரே இரவில் சந்திக்கும்போது லாக்டிக் அமிலம் ஏறி, வாந்தியும் மேல்மூச்சும் வந்து, கற்றுக்கொண்ட திறன்கள் நழுவுகின்றன. சளிக்காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் அறுவை சிகிச்சைக்கு முந்தைய பட்டினியும்கூட இதே சரிவைக் கொண்டுவரும். உங்கள் மகளுக்குச் சின்னம்மையின்போது நேர்ந்ததும் இதுவாகவே இருக்கலாம்.

‘லங்கணம் பரம ஔஷதம்’ என்ற பழமொழி நம் வீடுகளில் ஆழ வேரூன்றியது. நல்ல உடலுள்ள ஒருவர் ஒரு வேளை பட்டினி கிடந்தால் பெரிய தீங்கில்லை என்பதால் அது நிலைத்துவிட்டது. இந்த நோயுள்ள குழந்தையிடம் அந்தப் பழமொழியைக் கொண்டுபோகவே கூடாது. அன்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் செய்ததை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நோயின் பெயரே அப்போது உங்களுக்குத் தெரியாது.

அமராவதி (தாராபுரம்), புதன் இரவு

மருத்துவர் ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் தயக்கத்துக்கு அடிப்படையே இல்லை என்று ஆகிவிடக் கூடாது. மைட்டோகாண்ட்ரியா கோளாறுள்ள ஒரு பெண் குழந்தைக்கு, 2000ஆம் ஆண்டில் ஒரே நாளில் பல ஊசிகள் போட்டதால் நோய் முற்றியது என்று அமெரிக்க அரசே 2007இல் ஒப்புக்கொண்டு இழப்பீடு கொடுக்க முன்வந்தது. என் தங்கை மகனுக்கும் இதே வகை நோய். நாங்கள் மூன்று வருடமாக எந்த ஊசியும் போடவில்லை. அச்சத்தில் எடுத்த முடிவு என்று சொல்லிவிடாதீர்கள், எங்களால் முடிந்தவரை படித்துவிட்டுத்தான் எடுத்தோம்.

நோய் எதிர்ப்பியல் ஆய்வு மாணவி (நாமக்கல்), வியாழன் காலை

அண்ணா, நீங்கள் குறிப்பிடும் வழக்கு உண்மையானது. அதை மறைத்துப் பேசுவதால்தான் ஐயம் வளர்கிறது. ஆனால் அங்கே இழப்பீட்டுத் திட்டம் இயங்கும் முறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊசி போட்ட பின் குறிப்பிட்ட காலத்துக்குள் நோய் முற்றியதற்கு ஆதாரம் இருந்தால், குடும்பத்தை நீண்ட வழக்கில் அலைக்கழிக்காமல் இழப்பீடு கொடுக்கலாம் என்பது அதன் நோக்கம். அது ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த நிவாரணம். எத்தனை குழந்தைகளில் எத்தனை பேருக்கு இப்படி நேரும் என்ற கேள்விக்கு அந்த முடிவில் விடை கிடையாது.

அந்தக் கேள்வியைத் தேடிப் போனவர்களும் இருக்கிறார்கள். வடக்குக் கலிபோர்னியாவில், பிறவி வளர்சிதை மாற்றக் கோளாறுள்ள 77 குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வெளியானது. ஊசி போட்ட பின் வந்த ஒரு மாதத்தில் அவசர சிகிச்சைக்கோ மருத்துவமனைச் சேர்க்கைக்கோ அவர்கள் கூடுதலாக வரவில்லை. 77 என்பது சிறிய எண்தான். அவர்கள் எல்லோருக்கும் மைட்டோகாண்ட்ரியா நோயும் அல்ல. ஆகவே அதை வைத்து ‘ஆபத்தே இல்லை’ என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எதிர்த் தட்டில் இருப்பது லேசானதல்ல. ஊசியால் வரும் காய்ச்சல் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் அடங்கும், எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரியும், குளுக்கோஸ் பாட்டிலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். கக்குவான் இருமல் வாரக்கணக்கில் நீடித்து, இருமி இருமி உண்டதையெல்லாம் வாந்தியாக வெளியே தள்ளும். தட்டம்மை, காய்ச்சலோடு போகாமல், முன்பு சேர்த்து வைத்த நோய் எதிர்ப்பு நினைவில் ஒரு பகுதியையும் அழித்துவிட்டுப் போகும். இவை நாள் குறித்து வருவதில்லை.

உங்கள் தங்கை மகனுக்கு எந்த மரபணு, எந்த நிலை என்பது எனக்குத் தெரியாது. ஊசி போடாத மூன்று வருடத்தில் அவனுக்கு எத்தனை முறை காய்ச்சல் வந்தது, ஒவ்வொரு முறையும் என்ன ஆனது என்று எழுதிவைத்திருந்தால், அந்தத் தாளோடு மருத்துவரைப் பாருங்கள். முடிவு எடுக்க அது மிகவும் உதவும்.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். நாம் எல்லோரும் ‘ஊசி என்ன தீங்கு செய்யும்’ என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கிறோம். போட்ட ஊசி பலித்ததா என்று கேட்பவர் குறைவு. ஊசி மருந்து தானாக நோயைத் தடுப்பதில்லை. உடல் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். அந்தக் கல்விக்கு நிறைய ஆற்றல் செலவாகிறது. அயல்பொருளை அடையாளம் கண்ட டி அணு, பி அணு என்னும் வெள்ளை அணுக்கள் சில நாட்களில் பல மடங்காகப் பெருக வேண்டும். பி அணுக்களில் ஒரு பகுதி, விநாடிக்கு ஆயிரக்கணக்கில் எதிர்ப்புப் புரதங்களைச் சுரக்கும் அணுக்களாக மாற வேண்டும். இன்னொரு பகுதி, நினைவு அணுக்களாகப் பல ஆண்டுகள் உயிரோடிருக்க வேண்டும். பெருகும் கட்டத்தில் சர்க்கரையை அவசரமாக எரித்துச் சமாளிக்கும் அணுக்கள், நீண்டகாலம் நிலைத்திருக்க மைட்டோகாண்ட்ரியாவையே பெரிதும் நம்பியிருக்கின்றன. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள், எலிகளின் டி அணுக்களில் மட்டும் நான்காம் கூட்டமைப்பைக் குலைத்துப் பார்த்து 2017இல் எழுதினார்கள்: தூண்டப்பட்ட அணுக்கள் சரியாகப் பெருகாமல் மடிந்தன, எலிகளின் நோய் எதிர்ப்பும் தளர்ந்தது. கோபி அக்காவின் மகளுக்குப் பழுதுபட்டிருப்பதும் அதே நான்காம் கூட்டமைப்புதான். எலியில் கண்டதை அப்படியே குழந்தைக்குப் பொருத்தக் கூடாது என்றாலும், அதே நிறுவனத்தினர் நோயாளிகளின் இரத்தத்திலும் பி அணுத் தொகுப்பில் மாற்றங்களைப் பின்னர் கண்டார்கள். எனவே இந்த நோயுள்ள ஒருவர் தடுப்பூசி அட்டையில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தாலும், பாதுகாப்பு முழுமையாக இருக்கிறது என்று பார்க்காமலே நம்பிவிடுவது சரியல்ல.

பின்னலாடைக் கணக்கர் (திருப்பூர்), வியாழன் இரவு

தங்கச்சி சொல்வது எனக்கு நேர்ந்தது. எனக்கு வயது 41. அம்மா வழியில் வந்த மைட்டோகாண்ட்ரியா மரபணு மாற்றம், 3243ஆம் இடத்தில். அம்மாவுக்குக் காது மந்தமும் சர்க்கரையும் மட்டும். எனக்கு அவற்றோடு ஒரு முறை பக்கவாதம் போன்ற தாக்குதலும் வந்தது. 1981இல் முழுமையாக வாசிக்கப்பட்ட அந்தச் சின்ன மரபணு வளையத்தில் 16,569 எழுத்துகள் என்று மருத்துவர் விளக்கியபோது, அதில் ஒரே ஓர் எழுத்து மாறியதற்கா இத்தனையும் என்று அன்று இரவு முழுவதும் தூங்கவில்லை.

ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று தவணையும் தவறாமல் போட்டுக்கொண்டேன். முடிந்து ஆறு வாரம் கழித்து இரத்தம் கொடுத்துப் பார்த்தால், எதிர்ப்புப் புரதம் 10 அலகுக்குக் கீழே நின்றது. 10க்கு மேல் இருந்தால்தான் பாதுகாப்பு என்றார்கள். மறுபடி மூன்று தவணை போட்ட பிறகுதான் தேறியது. சர்க்கரை நோயாளிகளுக்கும் இந்த ஊசி குறைவாகப் பலிப்பதுண்டு என்பதால், முழுப்பழியையும் மைட்டோகாண்ட்ரியா மேல் போட முடியாது என்று என் மருத்துவர் சொன்னார். காரணம் எதுவானால் என்ன, பார்த்திருக்காவிட்டால் பாதுகாப்பு இருக்கிறதென்று நம்பியே இருந்திருப்பேன்.

கொரோனா ஊசியின்போது முதல் தவணையில் ஒன்றரை நாள் காய்ச்சல், அதன்பின் ஒரு வாரம் படியேற முடியாத அசதி. இரண்டாம் தவணைக்கு முன்னேற்பாடாக விடுப்பு எடுத்து, இரண்டு மணி நேரத்துக்கொரு முறை ஏதாவது சாப்பிட்டு, தண்ணீர் நிறையக் குடித்தேன். அசதி மூன்று நாளில் தெளிந்தது. ஒருவன் அனுபவம்தான், ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

வாய்க்கால்மேடு (கோபிசெட்டிபாளையம்), வெள்ளி காலை

எல்லோருக்கும் நன்றி. உங்கள் பதிவுகளை அம்மிச்சிக்கு வாசித்துக் காட்டினேன். கஞ்சித் தெளிவு கொடுத்த இடம் வந்ததும், “அப்ப நான்தான் குழந்தையைக் கெடுத்துப் போட்டனா?” என்று கேட்டார். இல்லை அம்மிச்சி என்று சொல்லிவிட்டு, இருவரும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். இனி இரவில் எழுப்பிக் கூழ் கொடுக்கும் வேலையைத் தானே பார்த்துக்கொள்வதாக அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

மருத்துவர் ஐயாவிடம் மூன்று கேள்விகள் இருக்கின்றன. காய்ச்சல் வராமலிருக்க ஊசிக்கு முன்பே பாராசிட்டமால் கொடுத்துவிடலாமா? காய்ச்சல் குறைவாக வரும் ஊசி தனியாரிடம் கிடைக்கிறது என்கிறார்களே, அதைப் போடலாமா? எந்த நிலையில் வீட்டில் வைத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

குழந்தை மருத்துவர் (கோவை), வெள்ளி இரவு

பாராசிட்டமால் விஷயத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. செக் நாட்டில் 459 கைக்குழந்தைகளிடம் செய்த ஆய்வு 2009இல் வெளியானது. ஊசி போட்டதும், காய்ச்சலுக்குக் காத்திராமல் முன்கூட்டியே பாராசிட்டமால் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்குக் காய்ச்சல் குறைந்தது; ஆனால் பல மருந்துக்கூறுகளுக்கு எதிர்ப்புப் புரத அளவும் குறைந்தது. ஏற்கெனவே ஊசி குறைவாகப் பலிக்கக்கூடிய ஒரு குழந்தையிடம் அந்தப் பலனை மேலும் கரைப்பதா, சிறு காய்ச்சலும் சரிவில் தள்ளக்கூடிய ஒரு குழந்தையிடம் காய்ச்சலை வரவிடுவதா என்று இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. என் வழக்கம், முன்கூட்டிக் கொடுக்காமல், இரவிலும் இரண்டு மணிக்கொரு முறை தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, 38 பாகை செல்சியஸைத் தொட்டவுடன் எடைக்கேற்ற அளவில் கொடுப்பது. முந்தைய ஊசிக்குக் கடுமையாகச் சரிந்த குழந்தையென்றால் அந்த வழக்கத்தை மாற்றிக்கொள்ளவும் நான் தயங்க மாட்டேன். உங்கள் மகளைக் கவனிக்கும் நரம்பியல் மருத்துவரிடம் இதை நேரடியாகக் கேளுங்கள். ஆஸ்பிரின் மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

அரசு முத்தடுப்பூசியில் கக்குவான் கிருமி கொல்லப்பட்டு முழு உயிரணுவாக இருக்கிறது. தனியாரிடம் கிடைக்கும் அணுவற்ற வகையில் அதன் சில புரதங்கள் மட்டும் இருப்பதால் காய்ச்சல் குறைவு. அதன் பாதுகாப்பு சற்று முன்னதாகத் தேய்கிறது என்பது குறை. உங்கள் மகளைப் போன்ற குழந்தைக்கு அந்தக் குறையை ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

ஊசிகளை வெவ்வேறு நாளாகப் பிரித்துப் போடச் சிலர் கேட்பார்கள். பிரித்தால் காய்ச்சல் வாய்ப்பும் இரண்டாகும், இருமுகிற கூட்டத்தில் காத்திருக்கும் நாளும் இரண்டாகும். இவளுக்கு இப்போது ஒன்றுதான் பாக்கி என்பதால் அந்தப் பேச்சே எழவில்லை.

உணவைப் பொறுத்தவரை, காய்ச்சல் நாட்களில் பகலில் இரண்டு மணி நேரம், இரவில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிறு காலியாக இருக்க விடாதீர்கள். ராகிக்கூழ், குழைத்த அரிசியும் பருப்பும் சோறு, பனங்கற்கண்டு கரைத்த பால் என்று அவள் விழுங்கக்கூடிய எதுவும் சரி. விழுங்கும்போது இருமுகிறாளா என்று கவனியுங்கள். இந்தச் சர்க்கரை யோசனை எல்லா மைட்டோகாண்ட்ரியா நோய்க்கும் பொருந்தாது. பைருவேட் டிஹைட்ரஜனேஸ் குறைபாடுள்ள குழந்தைக்கு மாவும் சர்க்கரையும் கூடினால் லாக்டேட் ஏறும், ஆகவே வேறு நோயுள்ளவர்கள் இதைப் பார்த்துப் பின்பற்ற வேண்டாம்.

இரண்டு முறை தொடர்ந்து வாந்தி, எழுப்பினால் கண் திறக்காத மயக்கம், மேல்மூச்சு, வலிப்பு, ஒரு வேளை உணவை முழுதாக மறுத்தல்: இவற்றில் ஒன்று வந்தாலும் கிளம்பிவிடுங்கள். கையில் ஒரு கடிதம் இருக்கட்டும். நோயின் பெயர், உடனே குளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்ற குறிப்பு, ரிங்கர் லாக்டேட் (லாக்டேட் கலந்த ஏற்றுநீர்) தவிர்க்க வேண்டும் என்ற குறிப்பு, வலிப்புக்கு வால்ப்ரோயேட் மருந்தைக் கேட்காமல் தொடங்கக் கூடாது என்ற குறிப்பு ஆகியவை, உங்கள் மருத்துவர் கையெழுத்துடன் அதில் இருக்க வேண்டும். இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் இந்த நோயை முதல் முறையாகப் பார்ப்பவராக இருக்கலாம். இந்த நோய்கள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 5000 பேரில் ஒருவருக்கு உண்டு என்றாலும், ஒவ்வொரு வகையும் தனித்தனியே மிக அரிது.

ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் (அந்தியூர்), சனி காலை

வீட்டில் உள்ளவர்களையும் விட்டுவிடாதீர்கள். அம்மிச்சி உட்பட எல்லோரும் ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்பே இன்ஃப்ளூயன்சா ஊசி போட்டுக்கொள்ளுங்கள். நம் பக்கம் அந்தக் காய்ச்சல் வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்துதான் ஏறும். குழந்தைக்கும் அது ஆண்டுதோறும் வேண்டும். அரசு அட்டவணையில் இல்லாததால் நீங்களாகக் கேட்டுத்தான் போட வேண்டியிருக்கும்.

ஊசிக்குப் போகும்போது, முன்பு நேர்ந்ததை அங்குள்ள செவிலியரிடம் சொல்லி, பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். நான் வேலை பார்த்த காலத்தில், தாய்மார்கள் பயந்து மறைத்ததால் எங்களுக்குத் தெரியாமலே போன விஷயங்கள் நிறைய.

அமராவதி (தாராபுரம்), சனி மாலை

தங்கை மகனின் காய்ச்சல்களைக் குறிக்கச் சொன்னீர்கள். மூன்று வருடத்தில் பதினொன்று. அவற்றில் நான்கு முறை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். இதை வரிசையாக எழுதிப் பார்த்தது இன்றுதான். தங்கையோடு பேசி, அடுத்த வாரம் கோவைக்கு அழைத்துப் போகிறேன். அவனுக்கு மாதாமாதம் இம்யூனோகுளோபுலின் ஏற்றுகிறார்கள். அப்படிப்பட்டவனுக்கு ஊசி பலிக்குமா?

நோய் எதிர்ப்பியல் ஆய்வு மாணவி (நாமக்கல்), சனி இரவு

அண்ணா, இதை மருத்துவரிடம் முதல் வரியாகச் சொல்லுங்கள். ஏற்றப்படும் இம்யூனோகுளோபுலினில் மற்றவர்களின் எதிர்ப்புப் புரதங்கள் இருப்பதால், தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள கிருமி ஊசிகளை அவை செயலிழக்கச் செய்துவிடும்; பல மாத இடைவெளி இல்லாமல் போட்டால் வீணாகும். இரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் பார்த்தாலும், தெரிவது கொடுத்தவர்களுடையதா அவனுடையதா என்று பிரிக்க இயலாது. அவனுக்கு ஏன் அது ஏற்றப்படுகிறது, அவனுடைய பி அணுக்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தே உயிருள்ள கிருமி ஊசி பற்றிய முடிவும் வரும்.

வாய்க்கால்மேடு (கோபிசெட்டிபாளையம்), பதினாறு நாள் கழித்து

ஊசி போட்டுவிட்டோம். நரம்பியல் மருத்துவர் அணுவற்ற வகையையே எழுதிக்கொடுத்தார். பாராசிட்டமாலைக் காய்ச்சல் தொட்ட பிறகு கொடுத்தால் போதும் என்றார். போட்ட அன்று இரவு பதினொன்றரைக்கு 38.2 காட்டியது. மருந்து கொடுத்தோம். பன்னிரண்டுக்கும் நான்குக்கும் அம்மிச்சி எழுந்து ராகிக்கூழ் ஊட்டினார். இரண்டாவது முறை பாதி தூக்கத்தில் துப்பிவிட்டாள், கால் மணி நேரம் கழித்து மீண்டும் ஊட்டினார். மறுநாள் மாலை வரை சோர்வாக இருந்தாள், அதன்பின் தெளிந்துவிட்டாள். இந்தப் பதினாறு நாளில் எந்தத் திறனும் நழுவவில்லை. கடிதம் கைப்பையில் அப்படியே இருக்கிறது.

எதிர்ப்புப் புரதம் பார்க்க எப்போது இரத்தம் எடுக்கலாம், எதைப் பார்க்கச் சொல்ல வேண்டும்?

குழந்தை மருத்துவர் (கோவை), அன்று இரவு

மிக்க மகிழ்ச்சி அம்மா. ஊசி போட்ட நாளிலிருந்து நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் எடுங்கள். ரணஜன்னிக்கான எதிர்ப்புப் புரதமும், குழந்தைப் பருவத்தில் போட்ட ஹெபடைடிஸ் பி ஊசியின் அளவும் போதும்; இரண்டாவது 10க்குக் கீழே இருந்தால் பயப்பட வேண்டாம், ஆண்டுகள் போனால் நலமான குழந்தைகளுக்கும் இறங்கும், ஒரு ஊக்கத் தவணை போட்டுவிட்டு மறுபடி பார்க்கலாம். இரத்தம் எடுப்பதற்காக வெறும் வயிற்றோடு அழைத்துப் போகாதீர்கள். இந்தப் பரிசோதனைகளுக்குப் பட்டினி தேவையில்லை; ஆய்வுக்கூடத்தில் கேட்டாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவோம் என்று சொல்லிவிடுங்கள்.